இங்கிலீசுக்குள் நம்ம பேரு

ராமநாதபுரம் பக்கம் எங்கள் காலனியில், வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சாயங்காலம் உட்காருவேன். நான் எம்.ஏ. தமிழ். இங்கிலீசு எனக்கே தடுமாற்றம்தான். கல்லூரியில் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். அதனால் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்கிறேன்.

அன்றைக்கு 'பி' வரிசை. ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தது: "பரையா." பொருள்: ஒதுக்கப்பட்டவன். நிமிர்ந்து பார்த்துக் கேட்டது: "அண்ணே, இது நம்ம பேருல்ல?"

ஆமா, நம்ம பேருதான்.

நம் கடற்கரைக் கட்டுமரம் இங்கிலீசில் 'கேட்டமரான்' ஆனது. பறையர் என்ற பெயரையும் கடல் வழியாக வந்த வெள்ளைக்காரர்களே கொண்டுபோனார்கள். 1613இலேயே அது இங்கிலீசு அச்சில் ஏறிவிட்டது. கட்டுமரம் மிதக்கும் கலத்தின் பெயராகவே போய்ச் சேர்ந்தது. நம்ம பேரோ வசவாகப் போய்ச் சேர்ந்தது. இன்று உலகம் தள்ளிவைக்கும் நாடு 'பரையா நாடு', தெருநாய் 'பரையா நாய்'. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, பறை என்ற கருவியிலிருந்து வந்த சொல் இது என்கிறது. பிள்ளைகள் கையிலுள்ள சொற்பட்டியலில் பறை இல்லை. ஒதுக்கப்பட்டவன் இருக்கிறான், ஒதுக்கியவன் இல்லை.

இந்தப் பெயரைக் கண்டு நம் முன்னோர் கூசவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அவரே 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய் நமக்காக வாதாடினார். 1922இல் பாரிசில் ஹோ சி மின்னும் பிற காலனி நாட்டுத் தோழர்களும் நடத்திய பத்திரிகையின் பெயர் 'லெ பாரியா'. நம்ம பேரு அங்கே அடிமைப்பட்ட நாடுகளின் குரலாயிற்று.

இங்கிலீசு நமக்கு எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை எழுதியது எந்த மொழியில்? நம்மைத் திட்டும் சொல் அந்த மொழியில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் சொல்லும் அதே மொழியில்தான் இருக்கிறது. ரெண்டையும் நாம படிச்சாகணும்.

அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "அந்தச் சொல்லை அடிச்சிராத. அர்த்தத்தைப் பரீட்சைக்காக எழுது. பக்கத்துல இந்த வரலாற்றையும் எழுது."

எழுதி முடித்துவிட்டு அது கேட்டது: "நம்மள ஒதுக்குனவனுக்கு இங்கிலீசுல என்ன பேருண்ணே?"

அந்தச் சொல்லைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.