பாதைக்கு மண் சுமந்தோர்

ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சியில் 2016ஆம் ஆண்டு ஓடிய தொடர் ஒன்றுண்டு. ‘ஜெரிக்கோ’ என்பது அதன் பெயர். 1870களில், யார்க்‌ஷயர் மலைச்சரிவிலே, இரயில் பாதைக்காகப் பெரும்பாலம் எழுப்பிய கூலி மக்களின் கதை. கோமானும் சீமாட்டியும் அல்லர், சேற்றிலே உழன்று, கல் சுமந்து, காய்த்துப்போன கைகளை உடையோரே அதன் கதைமாந்தர்!

கற்பனைக்கு அடியில் உண்மை இருந்தது. ரிப்பிள்ஹெட் என்னுமிடத்தில் 24 வளைவுகளோடு இன்றும் நிற்கிறது அந்தப் பாலம். அருகிருந்த குடிசைத் தொகுதி ஒன்றின் பெயரே ஜெரிக்கோ. விபத்திலும் நோயிலும் மாண்டோரைப் பக்கத்துச் சிற்றூர்த் தேவாலயத்தருகே புதைத்தனர். பதிவேட்டில் பெயர் ஏறிற்று. உடனுழைத்தோரும் கம்பெனியும் பங்கிட்டுப் பொருள் தந்து நினைவுக்கல் பதித்தனர். பின்னாளில் கதை எழுதப் புகுந்தோருக்குப் பற்றிக்கொள்ள ஒரு நூலிழை கிடைத்தது.

இங்கே?

வேளாங்கண்ணிக்கு இரயில் வந்தது 2010இல். அதுவரை ஆவணித் திருவிழாவுக்கு இரயிலில் வருவோர் நாகையில் இறங்கித்தான் வந்தனர். நாகைப் பாதையோ பழையது. 1861இல் தஞ்சைவரை திறக்கப்பட்டது. மறு ஆண்டே திருச்சியைத் தொட்டது. அதைப் போட்டது யார் என்று என் மாணவரைக் கேட்டால், “வெள்ளைக்காரன்” என்று ஒரே குரலில் விடை வரும். அவர்தம் பெற்றோரைக் கேட்டாலும் அதே விடைதான்.

வெள்ளைக்காரன் போட்டது என்ன? ‘கிரேட் சதர்ன் ஆப் இந்தியா’ கம்பெனியின் பங்குதாரர் முதல் போட்டனர். அந்த முதலுக்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வட்டி தவறாது கிடைக்குமென அரசு உறுதியளித்தது. வண்டி ஓடி வருவாய் போதாவிடில் ஈடுசெய்தது யார் பணம்? இந்நாட்டு உழவன் கட்டிய வரிப்பணம்! தண்டவாளம் கப்பலில் வந்தது, எஞ்சின் கப்பலில் வந்தது. மண் கப்பலில் வரவில்லை.

தஞ்சை தண்ணீர் நாடு. வெட்டாறு, வெண்ணாறு, எண்ணற்ற வாய்க்கால்கள். வயல் மட்டத்திலே தண்டவாளம் போட்டால் ஐப்பசி வெள்ளம் வாரிக்கொண்டு போகும். ஆகவே கரை உயர்ந்தாக வேண்டும். வாய்க்கால் குறுக்கிடும் இடமெல்லாம் மதகோ பாலமோ வேண்டும். மண்வெட்டி, கூடை, தலை — இவைதாம் கருவிகள். தென்னாட்டு இரயில் வேலைகளில் மண் வெட்டியோருள் ஒட்டர் குடியினர் முன்னின்றனர். குடும்பம் குடும்பமாக வந்தனர். ஆண் வெட்டினான், பெண் சுமந்தாள், பிள்ளையும் சிறுகூடை தூக்கிற்று. பாதை நீள நீளக் குடிசையும் நகர்ந்தது. அவர்களுள் ஒருவர் பெயரேனும் நம் பாடநூலில் உண்டா?

பிட்டுக்கு மண் சுமந்ததாகச் சொல்லப்படும் பெருமானுக்கு மதுரையிலே ஆண்டுதோறும் விழா. அவர் சுமந்தது, கதைப்படியே, ஒரு நாள்! பிட்டுக்கூட இல்லாமல் மாதக்கணக்கில் சுமந்தவளுக்குப் படலம் பாடப் புலவன் பிறக்கவில்லை. அதுமட்டுமா? பாட்டாளிகள் எழுப்பிய நிலையங்களிலே, தென்னிந்திய இரயில்வேயின் உணவு விடுதிகளில், பார்ப்பனருக்கொரு பகுதி, பிறருக்கொரு பகுதி என்ற பிரிவு 1941வரை நீடித்தது.

பாதை முடிந்த இடம் துறைமுகம். அங்கே சரக்கோடு ஆளும் ஏற்றுமதியாயினர். மலேயாவுக்குக் கப்பலேறிய தமிழ்க் கூலிகளில் பெருந்தொகையினர் நாகையில் ஏறியவர்கள். போன இடத்திலும் காடு திருத்தினர், தண்டவாளம் போட்டனர். 1942–43இல் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர்.

நாகையிலே தங்கியோருக்கு இரயில் பட்டறை சோறு போட்டது. அதையும் பொன்மலைக்கு மாற்றத் துணிந்தனர், ஆட்குறைப்பு என்றனர். 1928 சூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்று வழிநடத்தியோருள் ஒருவர் சிங்காரவேலர். 1860இல் பிறந்தவர், நாகைப் பாதையைவிட ஓராண்டு மூத்தவர்! அந்த முதியவருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தனர். மேல்முறையீட்டில் அது குறைந்தது. பட்டறையோ பொன்மலைக்கே போய்ச் சேர்ந்தது.