கெபால் வண்டிக்குள் மூவர்



பீரங்கி பொருத்திய இரும்புப் போர் வண்டியை நாம் டாங்கி என்கிறோம். மலாய் மொழியில் அதற்குக் ‘கெரெத்தா கெபால்’ என்று பெயர். கெபால் என்றால் ஆயுதம் ஊடுருவாத தன்மை. மந்திரம் கற்றவனின் மேனியில் கத்தி இறங்காது என்று பழங்கதைகளில் கேட்டிருப்பீர்கள் அல்லவா? அந்த வரம் பெற்ற உடலுக்குரிய சொல்லையே இந்த வண்டிக்கும் வைத்துவிட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜப்பானியர் படையெடுப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். டாங்கிகள் வந்த கதையைச் சொன்னதும் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அதுக்கு உள்ளே இருக்கிறவங்களுக்குப் பயமே இருக்காதா?” என்று கேட்டான். அன்று அவனுக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி உட்கார வைத்தேன். சரியான பதிலைத் தேடியபோது, அது நம் ஜொகூர் மாநிலத்திலேயே, மூவாரிலிருந்து பக்ரிக்குப் போகும் சாலையில் கிடைத்தது.

டாங்கியின் வயது அதிகமில்லை. முதல் உலகப் போரில், 1916 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், பிரான்சில் சோம் ஆற்றுப் போர்க்களத்தில் பிரிட்டிஷார் அதை முதன்முதலாக இறக்கினர். செய்யும்போதே இரகசியம் காக்க வேண்டியிருந்தபடியால், தண்ணீர்த் தொட்டி செய்கிறோம் என்று வெளியில் சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொட்டியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லே இந்தியாவின் மேற்குக் கரையில் நீர்நிலைக்கு வழங்கிய சொல்லிலிருந்து போயிருக்கலாம் என்று மொழி அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் டாங்கி நமக்குப் புதிய சொல் அன்று. ஊர் சுற்றித் திரும்பி வந்த பழைய சொல்.

அந்த முதல் டாங்கியில் எட்டுப் பேர் இருந்தனர். இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் இடையே தடுப்பு எதுவும் இல்லை. வெப்பம் 50 பாகை செல்சியஸைத் தாண்டும். புகை நெஞ்சை அடைக்கும். எதிரியின் குண்டு படாமலே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வெளியில் நின்று பார்த்தவர்களோ, எதற்கும் அஞ்சாத பூதம் ஒன்று வருவதாக எண்ணி ஓடினார்கள். உள்ளே ஒரு கதை, வெளியே ஒரு கதை. நம் நாட்டிலும் அப்படித்தான் நடந்தது.

1941 டிசம்பர் 8 ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணிக் கரைகளிலும் இறங்கினர். அவர்கள் மலாயாப் போருக்குக் கொண்டுவந்த டாங்கிகள் 200க்கும் மேல். எதிரே நின்ற பிரிட்டிஷ் படையிடம் ஒரு டாங்கியும் இல்லை. காடும் சதுப்பும் நிறைந்த மலாயாவில் டாங்கி ஓடாது என்பது மேலிடத்தின் எண்ணமாக இருந்தது. காட்டைக் கணக்கிட்டார்கள், தாங்களே போட்டு வைத்த தார்ச் சாலையைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள். இரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அமைத்த அந்த நல்ல சாலைகளே டாங்கிகளுக்கும் வழியாயின.

கெடா மாநிலத்தின் ஜித்ராவில் இந்தியப் படைவீரர்கள் டாங்கியை எதிர்கொண்டார்கள். அவர்களில் பலர் அதுவரை டாங்கியைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. 1942 ஜனவரி 7 ஆம் நாள் பொழுது விடியுமுன் சிலிம் ரிவரில் நடந்தது அதைவிடக் கொடியது. மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் வந்து, தூங்கியும் தூங்காமலும் இருந்த இந்தியப் படையணிகளின் நடுவே புகுந்து, காலைக்குள் சுமார் 30 கிலோமீட்டர் ஊடுருவிவிட்டன. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடியின் கம்பிகளை வத்தனாபே என்ற இளம் அதிகாரி டாங்கியிலிருந்து இறங்கி வாளால் வெட்டினார். நான்கே நாளில், ஜனவரி 11 இல், கோலாலம்பூர் வீழ்ந்தது. கெபால் என்ற பெயர் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் தோன்றியிருக்கும்.

நாம் இப்போது அந்த வண்டிக்குள் சற்றே எட்டிப் பார்ப்போம்.

மூவாருக்கு வந்தவை ‘ஹா-கோ’ என்ற இலேசான டாங்கிகள். 95 ஆம் வகை என்று ஜப்பானியர் எண்ணிட்டிருந்தனர். எடை 7.4 டன். நீளம் நான்கரை மீட்டருக்கும் குறைவு. அகலம் இரண்டு மீட்டர். நம் தோட்டத்து லாரியைவிடப் பெரிதென்று சொல்ல முடியாது. ஆற்றுப் பாலங்கள் தாங்க வேண்டும், வேகமாகவும் ஓட வேண்டும் என்பதற்காக இரும்பைக் குறைத்துக்கொண்டார்கள். அதன் கவசத்தில் மிகத் தடித்த பகுதியே 12 மில்லிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்தப் பருமன். துப்பாக்கிக் குண்டை அது தடுக்கும். பீரங்கிக் குண்டு வந்தால் தடுக்காது.

உள்ளே மூன்று பேர். முன்புறம் வலப்பக்கம் ஓட்டுநர்; இடப்பக்கம் இயந்திரத் துப்பாக்கிக்காரர்; மேலே சுழலும் கோபுரத்தில் தலைவர். கோபுரத்தில் அவர் ஒருவர்தான். எதிரியைத் தேடுவது, ஓட்டுநருக்கு வழி சொல்வது, 37 மில்லிமீட்டர் பீரங்கியில் குண்டைப் போடுவது, தோளால் அதை நகர்த்திக் குறிபார்ப்பது, சுடுவது, மறுபடி குண்டைப் போடுவது எல்லாம் அவர் வேலை. கோபுரத்தின் பின்புறத்திலும் ஓர் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. அதைச் சுடுபவரும் அவரே. ஒரே ஆள் கிராணியாகவும் மண்டோராகவும் பால்மரம் வெட்டுபவராகவும் ஒரே நேரத்தில் இருந்தால் எப்படியோ, அப்படி. அவர் பீரங்கியைப் பார்க்கும் கணத்தில் சாலையைப் பார்க்க முடியாது. சாலையைப் பார்த்தால் பீரங்கி சும்மா இருக்கும்.

போரின்போது மூடியைச் சாத்திவிட்டால், உலகம் ஒரு கீற்றுக்குள் அடங்கிவிடும். விரல் நுழையும் அளவுள்ள பிளவுகள் வழியேதான் வெளியே பார்க்க முடியும். தகரப் பெட்டியில் ஓட்டை போட்டு, அதை முகத்தில் மாட்டிக்கொண்டு பால்மரக் காட்டில் நடந்து பார்த்தால் அந்த நிலை ஓரளவு விளங்கும். பக்கவாட்டில் யார் இருக்கிறார்கள், பின்னால் வந்த டாங்கி இன்னும் வருகிறதா, எதுவும் தெரியாது. சாதாரண டாங்கிகளில் வானொலிக் கருவியும் கிடையாது. மற்ற டாங்கிக்குச் சேதி சொல்லத் தலைவர் மூடியைத் திறந்து கொடி காட்ட வேண்டும். தலையை வெளியே நீட்டினால் தலைக்கு ஆபத்து. நீட்டாவிட்டால் எல்லாருக்கும் ஆபத்து.

இயந்திரமோ 120 குதிரைச் சக்தியுள்ள டீசல் இயந்திரம். காற்றால் குளிர்விக்கப்படுவது. ஆட்களுக்குச் சற்றுப் பின்னாலேயே அது இருந்தது. அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அந்தக் காலத்து டாங்கித் தலைவர்கள் பலர், கீழே இருக்கும் ஓட்டுநரின் தோளையோ முதுகையோ காலால் தொட்டு, இடம், வலம், நில் என்று உணர்த்துவது வழக்கம். வெப்பத்தையும் மேடுபள்ள அதிர்ச்சியையும் தணிக்க உட்சுவரில் கல்நார் மெத்தை பதித்திருந்தார்கள். அப்படியும், நம் நாட்டு ஜனவரி வெயிலில் மூடிய இரும்புப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்பதை நான் விளக்க வேண்டுமா? இரப்பர்ப் பாளங்களைக் காயவைக்கும் புகைக்கூடத்துக்குள் போய் வந்தவர்களுக்கு அது தெரியும். அந்தக் கூடத்தையே உருளைகளின் மேல் ஏற்றி, காலடியில் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை அடுக்கி, யாரோ வெளியிலிருந்து சுடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூவாருக்கு வருவோம்.

அந்த ஆற்றங்கரையைக் காக்க நிறுத்தப்பட்டது இந்தியாவின் 45 ஆவது படைப்பிரிவு. இராஜ்புத்தானா ரைபிள்ஸ், கார்வால் ரைபிள்ஸ், ஜாட் ரெஜிமெண்ட் ஆகிய மூன்றையும் சேர்ந்த இளைஞர்கள். பலருக்கு மீசை அரும்பும் வயது. பாலைவனப் போருக்கென்று திரட்டப்பட்டு, பயிற்சி முடியுமுன்னரே ஜனவரி முதல் வாரத்தில் சிங்கப்பூரில் இறக்கப்பட்டவர்கள். ஜனவரி 16 இல் ஜப்பானியப் பேரரசக் காவற்படை மூவாரைப் பிடித்தது. தளர்ந்துபோன இந்தியருக்குத் துணையாக ஆஸ்திரேலியரின் 29 ஆவது பட்டாலியன் பக்ரிக்கு அனுப்பப்பட்டது. அதனுடன் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் சிலவும் வந்தன. லெப்டினன்ட் மக்கியூர் அவற்றின் பொறுப்பாளர்.

பட்டாலியன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராபர்ட்சனுக்கு அந்தப் பீரங்கிகள் வந்தது பிடிக்கவில்லை. அவை தேவைப்படா என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சிலிம் ரிவர் நடந்து பதினொரு நாளும் ஆகாத நிலையில் ஒரு தளபதி அப்படிச் சொன்னது இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது. ஆயினும் மக்கியூர் இரண்டு பீரங்கிகளைச் சாலையோரத்தில், முன்னும் பின்னுமாக மறைத்து நிறுத்தினார். ஒன்றுக்குச் சார்ஜெண்ட் தார்ன்டன், மற்றதற்குச் சார்ஜெண்ட் பார்சன்ஸ்.

பொங்கல் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கேப்டன் கோதந்தாவின் டாங்கிகள் வரிசையாக வந்தன. (இந்தப் பெயரை முதலில் படித்தபோது இராமபிரானின் கோதண்டம் நினைவுக்கு வந்தது. பெயர் ஒற்றுமை அவ்வளவுதான்.) துணைக்குக் காலாட்படை அருகில் இல்லை. ஒன்றன் வாலை ஒன்று பிடித்ததுபோல நெருங்கி வந்தன. சிலிம் ரிவரில் அப்படித்தானே வென்றார்கள்? வென்ற முறையை மாற்ற யாருக்கு மனம் வரும்?

மறைந்திருந்த பீரங்கிகள் சுட்டன. முதலில் போட்டவை கவசம் துளைக்கும் குண்டுகள். ஹா-கோவின் இரும்பைப்போல நான்கு மடங்கு தடித்த எஃகையும் துளைக்கக்கூடியவை. அவை டாங்கியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிப் போயின. டாங்கிகளோ நிற்காமல் வந்துகொண்டிருந்தன. தகடு அவ்வளவு மெலிது. உள்ளே இருந்த மூவருக்கு நடுவே அந்த எஃகுத் துண்டு கடந்து போன கணத்தைச் சிந்தித்துப் பாருங்கள். ஓட்டுநர் கீற்றின் வழியே சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. திரும்பலாம் என்றால் சாலை குறுகல். பின்னால் தம்மவர் டாங்கி.

பீரங்கிக்காரர்கள் உடனே வெடிக்கும் குண்டுக்கு மாறினார்கள். அது உள்ளே போய் வெடித்தது. ஒன்று நின்றது, அடுத்தது எரிந்தது, மற்றது அதன்மேல் முட்டி நின்றது. சிறிது நேரத்தில் ஒன்பது டாங்கிகளும் அந்தச் சாலையில் அழிந்தன. அந்தக் காட்சியைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகம் அதைப் பாதுகாத்து வருகிறது. முன்னால் பீரங்கியும் ஆட்களும், பின்னால் சாலையில் புகையும் டாங்கியும், இருபுறமும் மரங்களும் தெரியும். மாணவர்களிடம் காட்டினேன். “நம்ப ஊர் ரோடு மாதிரியே இருக்கு ஐயா” என்றார்கள்.

எரிந்த வண்டியிலிருந்து தப்பியவர்கள் கோதந்தாவுடன் கால்நடையாகப் போரிட்டு மடிந்தனர் என்று ஜப்பானியர் எழுதி வைத்திருக்கின்றனர். பீரங்கி தேவையில்லை என்ற ராபர்ட்சனும் அதே நாளில் குண்டடிபட்டு இறந்தார்.

வென்றவர்களுக்கும் அந்த வெற்றி நிலைக்கவில்லை. பின்னால் சாலை துண்டிக்கப்பட்டது. இந்தியப் படைப்பிரிவின் தலைவர் பிரிகேடியர் டங்கன் போரில் மாண்டார். எஞ்சிய இந்தியரும் ஆஸ்திரேலியரும் லெப்டினன்ட் கர்னல் ஆண்டர்சன் தலைமையில் போரிட்டுக்கொண்டே பாரிட் சூலோங் வரை வந்தனர். அங்கே பாலம் எதிரி கையில். ஜனவரி 22 இல் நடக்கக்கூடியவர்கள் சதுப்பில் இறங்கித் தப்பினார்கள். நடக்க முடியாத காயக்காரர்களை விட்டுச் செல்ல நேர்ந்தது. அவர்களில் ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் பிடிபட்ட பின் கொல்லப்பட்டனர். அதற்குப் பொறுப்பாளி என்று தளபதி நிஷிமுரா 1951 இல் தூக்கிலிடப்பட்டார்.

மலாயாவில் டாங்கி வென்றது இரும்பின் வலிமையால் அன்று என்பதற்குப் பக்ரி சாட்சி. எதிரே டாங்கியும் இல்லை. இருந்த சில பீரங்கிகளையும் வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். முறையாக நிறுத்தப்பட்ட இரண்டே பீரங்கிகள் வந்ததும் ‘கெபால்’ கலைந்துவிட்டது. அந்த இரண்டு பீரங்கிகள் ஜித்ராவிலும் சிலிமிலும் சரியான இடத்தில் நின்றிருந்தால் எத்தனை இந்திய இளைஞர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

இன்று நம் நாட்டுத் தரைப்படையிடமும் டாங்கி உண்டு. 2003 இல் ஒப்பந்தமாகிப் போலந்திலிருந்து வாங்கிய 48 டாங்கிகள், ‘பெண்டேக்கார்’ என்று பெயரிடப்பட்டு ஜொகூர் எல்லையை ஒட்டிய கிம்மாஸ் முகாமில் நிறுத்தப்பட்டன. எடை ஏறத்தாழ 48 டன். ஹா-கோவைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஆனால் உள்ளே இருப்பவர்கள் அன்றுபோலவே மூவர்தாம். குண்டு போடும் வேலையை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தபோது, முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவன் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒன்பதை மூன்றால் பெருக்கி, 27 என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தான்.