முதற்குலோத்துங்கனின் இருவழி உறவு

கொடிவழியில் இருவரது உறவைத் துணிய, அவர்தம் பொது முன்னோரைக் கண்டு தலைமுறைகளை எண்ணுதல் வேண்டும். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை, வேங்கிச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனை மணந்தாள். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன், தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியை மணந்தான். இவ்விருவரின் மகனே 1070இல் சோழ அரியணை ஏறிய முதற்குலோத்துங்கன். அவன் மணந்த மதுராந்தகி, அம்மங்கையின் உடன்பிறந்தானாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள்.

குலோத்துங்கனின் தாய்வழியே நோக்கின் இருவர்க்கும் பொது முன்னோன் முதலாம் இராசேந்திரன். இருவரும் அவன் பேரமக்கள். தந்தைவழியே நோக்கின் பொது முன்னோன் முதலாம் இராசராசன். இருவரும் அவன் கொள்ளுப்பேரமக்கள். இரு வழியிலும் கிளை பிரிவது அண்ணன் தங்கையரிடத்தேயன்றி, உடன்பிறந்த ஆடவர் இருவரிடத்து அன்று; எனவே தமிழர் உறவுமுறையில் மதுராந்தகி அவனுக்கு முறைப்பெண் ஆகிறாள். பெண்மக்களை விலக்கிக் கொடிவழி வரையின் குலோத்துங்கன் சோழர்க்கு அயலானாகத் தோன்றுவான். அவர்களையும் சேர்த்து வரையின், இருவழியிலும் இராசராசனின் கொள்ளுப்பேரனாவான். அவனது அரசுரிமையை ஆராய்வோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.