அரசவையிலிருந்து கோபுரச் சிறைக்கு

பெரிய இடத்துத் தயவு கிடைத்துவிட்டால், நம் வீட்டில் இருப்பவர்களே நம் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. அப்படி வாழ்ந்து, பின்னர் மனம் திரும்பிய ஓர் ஆங்கிலேயப் பிரபுவைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம். அவர்தான் புனித பிலிப் ஹோவர்ட்.

1557-ம் ஆண்டு இலண்டனில் பிறந்த இவருக்கு ஞானத்தந்தை, இஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். அவருடைய பெயரையே குழந்தைக்கும் சூட்டினார்கள். தந்தை நார்ஃபோக் கோமகன், அரசி முதலாம் எலிசபெத்துக்கு எதிராகச் சதி செய்தார் என்ற தீர்ப்பினால் 1572-ல் தலை வெட்டப்பட்டு இறந்தார். தந்தையின் தலையை வாங்கிய அதே அரசவையில்தான் மகனும் இடம் தேடினார். விருந்தும் ஆடம்பரமுமாக நாள்கள் கழிந்தன, கடன் ஏறியது. சிறுவயதிலேயே மணந்த மனைவி ஆன் டேக்கரை ஒதுக்கி வைத்தார்.

1581-ல் இலண்டன் கோபுரத்தில் ஒரு விவாதம் நடந்தது. சித்திரவதையால் நொந்த உடலோடு, கையில் நூல்கள் இல்லாமல், இயேசு சபை அருள்பணியாளர் எட்மண்ட் கேம்பியன் தம் நம்பிக்கைக்காக வாதாடினார். பார்க்க வந்திருந்த பிலிப்பின் உள்ளத்தில் அது தைத்தது. எல்லாம் இழந்தவரிடம் இருந்த அமைதி, எல்லாம் பெற்றிருந்த தம்மிடம் இல்லையே!

அவர் முதலில் செய்தது, மனைவியிடம் திரும்பிச் சென்றதுதான். 1584-ல் கத்தோலிக்கத் திருஅவையில் இணைந்தார். அடுத்த ஆண்டு, அரசியின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற முயன்றபோது கடலில் பிடிபட்டார். 10,000 பவுண்டு அபராதம், சிறைவாசம். 1589-ல் மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனையை யாரும் நிறைவேற்றவும் இல்லை, நீக்கவும் இல்லை. எந்த நாள் கடைசி நாள் என்று அறியாமலே அவர் வாழ்ந்தார். இவ்வுலகில் கிறிஸ்துவுக்காகப் படும் துன்பம் மிகுந்தால், மறுவுலகில் அவரோடு பெறும் மாட்சியும் மிகும் என்ற கருத்தை அவர் சிறைச்சுவரில் இலத்தீனில் செதுக்கினார். அந்த எழுத்துகளை இன்றும் அங்கே காணலாம்.

1595-ல் நோய் முற்றியபோது, மனைவியையும், தாம் சிறையிலிருந்தபோது பிறந்த, ஒருமுறைகூடப் பார்த்திராத மகனையும் பார்க்க அனுமதி கேட்டார். அரசியின் ஆலய வழிபாட்டில் ஒருமுறை கலந்துகொண்டால் பார்க்கலாம், பட்டமும் சொத்தும்கூடத் திரும்பக் கிடைக்கும் என்று பதில் வந்தது. நம்பிக்கையை விலையாகக் கொடுக்க அவர் மறுத்தார். அக்டோபர் 19 அன்று, தம் 38-ம் வயதில் சிறையிலேயே இறந்தார். 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் இவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்பர்களே, அரசவையில் இருந்தபோது அவர் விரும்பியிருந்தால் எந்த நாளும் மனைவியோடு அமர்ந்து உண்டிருக்கலாம். அதன் அருமை தெரிந்தபோது கதவு பூட்டியிருந்தது. நம் வீட்டுக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. யாருடைய தயவை நாடி, யாரை நாம் காக்க வைத்திருக்கிறோம்? இன்று இரவு உணவுக்கு அமரும்போது இந்தக் கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.