நேவி கிராஸ்

நேவி கிராஸ், அமெரிக்கக் கடற்படையினருக்கும் மரைன் படையினருக்கும் போர்க்களத் துணிவுக்காக வழங்கப்படும் விருதுகளில் இரண்டாம் இடத்தில் உள்ளது. இதற்கு மேல் இருப்பது மெடல் ஆஃப் ஆனர் ஒன்றுதான். தரைப்படையின் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ், வான்படையின் ஏர் ஃபோர்ஸ் கிராஸ், கடலோரக் காவல்படைக்கென 2010இல் ஏற்படுத்தப்பட்ட கோஸ்ட் கார்டு கிராஸ் ஆகியவை இதற்கு இணையானவை. அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி 1919 பிப்ரவரி 4 அன்று இவ்விருது நடைமுறைக்கு வந்தது.

இன்று எதிரியோடு மோதும்போது காட்டிய வீரத்துக்கு மட்டுமே இது வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் நிலைமை வேறு. கப்பலைத் திறமையாக நடத்திய தலைவர், அலுவலகத்தில் அமர்ந்து திட்டம் தீட்டியவர், நோயாளிகளைக் காத்த செவிலியர் எனப் பலதரப்பட்ட பணிகளுக்கும் இதே பதக்கம் சென்றது. துணிவையும் தலைமைத் திறனையும் ஒரே பதக்கத்தால் அளக்க முடியுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்கு விடை கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின.

முன்வரலாறு

அமெரிக்கக் கடற்படையின் முதல் வீரப் பதக்கம் மெடல் ஆஃப் ஆனர். அயோவா மாநில செனட்டர் ஜேம்ஸ் கிரைம்ஸ் கொண்டுவந்த மசோதாவின் விளைவாக, உள்நாட்டுப் போரின் முதல் ஆண்டான 1861இல், டிசம்பர் 21 அன்று அது சட்டமானது. மாலுமிகளும் மரைன் வீரர்களும் மட்டுமே அதைப் பெறலாம், அதிகாரிகளுக்கு இடமில்லை. அதிகாரி என்றால் பதவி உயர்வே போதிய மரியாதை என்பது அக்காலத்து எண்ணம். 1915இல்தான் கடற்படை, மரைன் அதிகாரிகளுக்கும் அந்தப் பதக்கம் திறந்துவிடப்பட்டது.

ஆக, 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, கடற்படையிடம் வீரத்துக்கென இருந்தது ஒரே ஒரு பதக்கம். நேச நாடுகளான பிரிட்டனும் பிரான்சும் படிப்படியாக அமைந்த பல விருதுகளை வைத்திருந்தன. அமெரிக்கத் தரைப்படை 1918இலேயே இரண்டு புதிய விருதுகளைப் பெற்றுவிட்டது. கடற்படைக்கு அந்த வாய்ப்பு போர் முடிந்த பிறகே வந்தது. அதனால் 1919 சட்டம், போரில் இறங்கிய நாள் முதலான செயல்களுக்கும் முன்தேதியிட்டுப் பொருந்தும்படி எழுதப்பட்டது. அச்சட்டம் கடற்படைக்கு இரண்டு விருதுகளைத் தந்தது: டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடல், அதற்கு ஒரு படி கீழே நேவி கிராஸ்.

பதக்கத்தை வடிவமைத்தவர் சிற்பி ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர். ஒரு பக்கம் எருமையும் மறுபக்கம் செவ்விந்தியர் முகமும் கொண்ட 1913ஆம் ஆண்டின் ஐந்து சென்ட் நாணயமும் அவர் கைவண்ணமே. முனைகள் வளைந்த சிலுவை. கரங்கள் சேரும் இடுக்குகளில் காய்களோடு கூடிய லாரல் இலைகள். நடுவே அலைமேல் செல்லும் பழங்காலப் பாய்மரக் கப்பல். பின்புறம் குறுக்காகக் கிடக்கும் இரு நங்கூரங்களும் அமெரிக்கக் கடற்படையின் பெயரைச் சுருக்கிய எழுத்துகளும். கருநீல நாடாவின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஆடம்பரமில்லாத இந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

சிம்ஸ், டேனியல்ஸ் சச்சரவு

விருதுகள் அறிவிக்கப்பட்டதும் கடற்படையே இரண்டுபட்டது. பட்டியலைத் தயாரிக்க ரியர் அட்மிரல் ஆஸ்டின் நைட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அதன் பரிந்துரைகளைக் கடற்படைச் செயலர் ஜோசபஸ் டேனியல்ஸ் தம் விருப்பப்படி திருத்தினார். டேனியல்ஸ் வட கரோலினாவைச் சேர்ந்த பத்திரிகை ஆசிரியர்; கடல் அனுபவம் இல்லாதவர். போரின்போது லண்டனிலிருந்து ஐரோப்பியக் கடற்பகுதியின் அமெரிக்கக் கடற்படைகளை நடத்திய அட்மிரல் வில்லியம் சிம்ஸ், 1919 டிசம்பரில் தமக்கு அளிக்கப்பட்ட டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடலை ஏற்க மறுத்தார்.

சிம்ஸின் மனத்தாங்கல் இரண்டு. நீர்மூழ்கிகளுக்கு எதிரான போரைத் திட்டமிட்டு நடத்திய தம் அலுவலகத்து அதிகாரிகளுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது ஒன்று. கப்பலைப் பறிகொடுத்த தலைவர்களுக்கு உயர்ந்த பதக்கம் போயிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது குற்றச்சாட்டு செயலரின் வீட்டுக்குள்ளேயே போய் நின்றது. 1917 டிசம்பர் 6 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கியான யூ-53இன் டார்பிடோவால் மூழ்கடிக்கப்பட்ட ஜேக்கப் ஜோன்ஸ் என்ற நாசகாரிக் கப்பலின் தலைவர் டேவிட் பேக்லி, டேனியல்ஸின் மைத்துனர். அவருக்கும் டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடல் தரப்பட்டிருந்தது.

உறவுமுறைச் சலுகை என்று எதிர்ப்பாளர்கள் சொல்ல அது போதுமானதாக இருந்தது. ஆனால் டேனியல்ஸின் வாதத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. கடலில் உயிரைப் பணயம் வைத்தவனுக்கும் கரையில் பாதுகாப்பாக இருந்தவனுக்கும் ஒரே தட்டில் மரியாதை வைக்கக் கூடாது என்றார் அவர். கப்பல் மூழ்கியதாலேயே அதன் தலைவன் தகுதியற்றவனாகிவிடுவதில்லை என்றும் வாதிட்டார். மூழ்கும் கப்பலில் மாலுமிகளைக் காப்பதற்கும் துணிவு வேண்டுமல்லவா? ஜேக்கப் ஜோன்ஸில் அந்தத் துணிவு இருந்தது. அக்கப்பலின் லெப்டினன்ட் ஸ்டான்டன் கால்க், உறைய வைக்கும் நீரில் ஒரு தெப்பத்திலிருந்து இன்னொன்றுக்கு நீந்தி ஆட்களைச் சமமாகப் பிரித்து ஏற்றி, களைப்பாலும் குளிராலும் இறந்துபோனார். அவருக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்ட பதக்கத்தை எவரும் குறை சொல்ல முடியாது.

1920 ஜனவரியில் செனட்டர் ஃபிரடெரிக் ஹேல் தலைமையிலான துணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. பதக்கத்தில் தொடங்கிய பேச்சு, போருக்குக் கடற்படை ஆயத்தமாக இருந்ததா என்ற பெரிய வழக்காக விரிந்தது. சிம்ஸ் பதக்கத்தை ஏற்கவேயில்லை. திட்டமிடும் தலைமை, களத்துத் துணிவு, கடமையில் உறுதி ஆகிய மூன்றையும் ஒரே ஏணியின் படிகளில் நிறுத்தினால் சண்டை தவிர்க்க முடியாதது என்பதை இந்த விவகாரம் தெளிவாகக் காட்டியது. குறை மனிதர்களிடம் இருந்ததைவிடச் சட்டத்தில்தான் அதிகம் இருந்தது.

செவிலியரும் மூழ்காளர்களும்

அந்தத் தளர்வான சட்டத்தால் விளைந்த நன்மையும் உண்டு. 1918இன் கொடிய இன்ஃபுளுவென்சா கடற்படை மருத்துவமனைகளை நிறைத்தபோது நோயாளிகளைக் கவனித்து, அதே நோயில் மாண்ட மேரி லூயிஸ் ஹைடெல், லில்லியன் மர்ஃபி, எட்னா பிளேஸ் ஆகிய மூன்று செவிலியருக்கு மறைவுக்குப் பின் நேவி கிராஸ் வழங்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே இதைப் பெற்ற முதல் பெண் லீனா சட்க்லிஃப் ஹிக்பீ. கனடாவில் பிறந்தவர், 1908இல் கடற்படைச் செவிலியர் பிரிவு தொடங்கியபோது சேர்ந்த முதல் இருபது பேரில் ஒருவர், பின்பு அதன் கண்காணிப்பாளர். போர் ஆண்டுகளில் அப்பிரிவை ஏறக்குறைய 160 பேரிலிருந்து 1,300 பேருக்கும் மேலாக வளர்த்தெடுத்தார். அன்று கடற்படைச் செவிலியருக்குப் படைத்தரமே கிடையாது. அது 1942இல்தான் வந்தது. படைத்தரம் இல்லாத ஒருவருக்குக் கடற்படை தன் உயர்ந்த பதக்கங்களில் ஒன்றை அளித்தது, அந்தக் காலத்தில் பெரிய செய்தி. 1945இல் சேவையில் இணைந்த ஒரு நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

1939 மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி சுமார் 240 அடி ஆழத்தில் மூழ்கியது. 26 பேர் இறந்தனர். உயிரோடு சிக்கியிருந்த 33 பேரையும் மீட்புக் கூண்டில் நான்கு நடையாக மேலே கொண்டுவந்தார்கள். கடைசி நடையில் கம்பிவடம் சிக்கிக்கொண்டு, கூண்டு நெடுநேரம் நடுநீரில் தொங்கியது. அன்று அங்கே எதிரி இல்லை. ஆழமும் குளிரும் அழுத்தமும்தான். நான்கு மூழ்காளர்கள் மெடல் ஆஃப் ஆனர் பெற்றனர். மீட்பிலும் கப்பலை மேலே தூக்கிய பணியிலும் ஈடுபட்ட வேறு பலருக்கு நேவி கிராஸ் கிடைத்தது. இன்றைய விதிகளின்படி அவர்களில் ஒருவருக்குக்கூட இவை கிடைத்திருக்காது.

டோரிஸ் மில்லர்

1941 டிசம்பர் 7 காலை, பேர்ல் துறைமுகத்தில் வெஸ்ட் வர்ஜீனியா போர்க்கப்பலில் சலவைத் துணிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார் 22 வயது டோரிஸ் மில்லர். டெக்சாஸில் வேகோவுக்கு அருகே பிறந்த கருப்பினத்தவர். அன்றைய கடற்படையில் கருப்பினத்தவருக்குப் பெரும்பாலும் உணவுக்கூட வேலைதான்: அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுவது, காலணி துடைப்பது, துணி எடுத்துப்போவது. துப்பாக்கிப் பயிற்சி அவர்களுக்குத் தரப்படவில்லை. மில்லர் அக்கப்பலின் குத்துச்சண்டை வீரர், உடல்வலு மிக்கவர். ஜப்பானிய டார்பிடோக்கள் கப்பலைத் தாக்கியதும், படுகாயமுற்ற கேப்டன் மெர்வின் பெனியனை நகர்த்த உதவும்படி அவரை மேல்தளத்துக்கு அழைத்துப்போனார்கள். பிறகு அவர் ஆளில்லாமல் நின்ற விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து, குண்டுகள் தீரும்வரை சுட்டார். அதன்பின் எண்ணெயும் நெருப்பும் மிதந்த நீரிலிருந்து காயமடைந்தவர்களை இழுத்துக் கரைசேர்த்தார்.

கடற்படை வெளியிட்ட முதல் பாராட்டுப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. பெயர் குறிப்பிடாத ஒரு நீக்ரோ மாலுமி என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து 1942 மார்ச்சில் உலகறியச் செய்தது பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கருப்பினத்தவர் வார ஏடு. மெடல் ஆஃப் ஆனர் தர வேண்டும் என்று காங்கிரஸில் மசோதாக்கள் வந்தன. கடற்படைச் செயலர் ஃபிராங்க் நாக்ஸ் ஒரு பாராட்டுக் கடிதத்தோடு முடித்துவிடப் பார்த்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தலையிட்டு நேவி கிராஸுக்கு ஒப்புதல் அளித்தார். 1942 மே 27 அன்று, எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில், அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் அதை மில்லரின் சட்டையில் குத்தினார். இவ்விருதைப் பெற்ற முதல் கருப்பினத்தவர் அவர். பதக்கம் கிடைத்த பின்னும் சமையல் பிரிவிலேயே பணி தொடர்ந்தது. 1943 நவம்பர் 24 அன்று தாம் பணியாற்றிய லிஸ்கம் பே கப்பல் டார்பிடோவால் வெடித்தபோது உயிரிழந்தார். 2020இல், கட்டப்படவிருக்கும் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அவருடைய பெருமை தானாக வரவில்லை. ஒரு சமூகம் பத்திரிகை நடத்தி, கடிதம் எழுதி, கேட்டு வாங்கிய பெருமை அது.

1942 சட்டமும் பின்னரும்

1942 ஆகஸ்ட் 7 அன்று வந்த சட்டம் பழைய குழப்பத்தைத் தீர்த்தது. நேவி கிராஸ் இனி போர்க்களத் துணிவுக்கு மட்டுமே; அது டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் மெடலுக்கு மேலே ஏற்றப்பட்டது. மில்லர் பெறும்போது மூன்றாம் இடத்தில் இருந்த பதக்கம், இரண்டரை மாதத்துக்குள் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தது. போரில்லாச் சூழலில் உயிரைப் பணயம் வைப்போருக்கென அதே சட்டம் நேவி அண்ட் மரைன் கார்ப்ஸ் மெடலை ஏற்படுத்தியது. சாலமன் தீவுகளுக்கு அருகே 1943 ஆகஸ்டில் தம் பிடி-109 படகை ஜப்பானிய நாசகாரி மோதிப் பிளந்தபோது, தீக்காயம்பட்ட மாலுமி ஒருவரின் உயிர்காப்புச் சட்டை வாரைப் பல்லில் கவ்விக்கொண்டு நீந்திய ஜான் கென்னடிக்கு இந்தப் புதிய பதக்கம்தான் கிடைத்தது.

சட்டம் தெளிவான பிறகும் சமமின்மை ஒழிந்துவிடவில்லை. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் ஹார்னெட் கப்பலின் எட்டாம் டார்பிடோ அணி 15 விமானங்களோடு பறந்தது, ஒன்றுகூடத் திரும்பவில்லை, 30 பேரில் பிழைத்தவர் என்சைன் ஜார்ஜ் கே மட்டும். விமானிகளுக்கு நேவி கிராஸ். பின்னிருக்கையில் இருந்த துப்பாக்கியாளர்களுக்கு அதைவிடக் கீழான டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ். ஒரே விமானம், ஒரே சாவு, வேறு வேறு பதக்கம். இது நியாயமில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

அதிக முறை பெற்றவர் என்ற பெயர் மரைன் படையின் லூயிஸ் புல்லருக்கு உண்டு: நிகராகுவாவில் இருமுறை, குவாடல்கனால், கேப் குளோஸ்டர், 1950இல் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கம் என ஐந்து. நிகராகுவாவில் அவர் போரிட்டது சாண்டினோவின் கிளர்ச்சியாளர்களோடு. அந்நாட்டு மக்கள் பலருக்கு அது அந்நியத் தலையீடு. நீர்மூழ்கித் தலைவர் ராய் டேவன்போர்ட்டும் ஐந்து பெற்றவர். மறுமுறை பெறுவோர் புதுப் பதக்கம் அணிவதில்லை. நாடாவில் ஒரு சிறு தங்க நட்சத்திரம் சேரும்.

நேவி கிராஸிலிருந்து விலக்கப்பட்ட தலைமைத் திறனுக்கு வேறு வழிகள் பிறந்தன. அவற்றில் சிறப்பானது 1980இல் தொடங்கிய ஸ்டாக்டேல் விருது. வியட்நாம் போரின்போது ஹனோய் சிறையில் ஏழாண்டுக்கும் மேல் சித்திரவதையைத் தாங்கி, உடன் இருந்த கைதிகளை ஒன்றுபடுத்திய ஜேம்ஸ் ஸ்டாக்டேலின் பெயரால் ஆண்டுதோறும் இரு கப்பல் அல்லது படைப்பிரிவுத் தலைவர்களுக்கு வழங்கப்படுகிறது. அவர்களின் பெயரை முன்மொழிவது மேலதிகாரி அல்ல, அவர்களைப் போலவே தலைமைப் பொறுப்பில் உள்ள சக அதிகாரிகள். சிம்ஸும் டேனியல்ஸும் சண்டையிட்ட இடத்தில் இப்படியொரு முறை இருந்திருந்தால் பாதிச் சச்சரவு எழுந்தே இருக்காது.

காலம் தாழ்ந்த தீர்ப்புகள்

2004 நவம்பரில் ஈராக்கின் ஃபலூஜாவில் கையெறி குண்டைத் தம் உடலால் மூடித் தோழர்களைக் காத்ததாகச் சொல்லப்பட்ட மரைன் சார்ஜென்ட் ரஃபேல் பெரால்டாவுக்கு மெடல் ஆஃப் ஆனர் பரிந்துரைக்கப்பட்டது. தலையில் காயம்பட்ட அவர் அப்போது நினைவோடு இருந்தாரா என்ற ஐயத்தால் 2008இல் நேவி கிராஸ் அறிவிக்கப்பட்டது. குடும்பம் ஏற்க மறுத்து, 2015இல்தான் பெற்றுக்கொண்டது. கொரியப் போரின்போது, 1952 நவம்பரில் சோவியத் மிக்-15 விமானங்களோடு தனியாக மோதி நான்கை வீழ்த்திய விமானி ராய்ஸ் வில்லியம்ஸின் செயல் அரை நூற்றாண்டுக்கும் மேல் இரகசியமாக வைக்கப்பட்டது. அவருக்கு முன்பு அளிக்கப்பட்ட சில்வர் ஸ்டார் பதக்கம், 2023 ஜனவரியில் நேவி கிராஸாக உயர்த்தப்பட்டது.

2016இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, 2001க்குப் பிந்தைய போர்களின் வீர விருதுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மறுஆய்வு செய்ய உத்தரவிட்டது. அதன் பயனாகச் சில்வர் ஸ்டார் பெற்றிருந்த சிலரும் நேவி கிராஸ் பெற்றனர்.