ஃபிராங்க்ளின் எழுதக் கத்துக்கிட்ட கதை

பிடிச்ச எழுத்தாளரைப் படிக்கும்போது, 'நமக்கு ஏன் இப்படி வரமாட்டேங்குது'ன்னு வயிறு எரியும்ல? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்த ஏக்கத்தை வச்சு என்ன பண்ணார்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

பாஸ்டன்ல, அண்ணன் ஜேம்ஸோட அச்சகத்துல தொழில் கத்துக்கிட்டிருந்த பையன் அவர். நண்பனோட கடிதத்துல நடத்திய விவாதத்தைப் படிச்ச அப்பா, "உன் எழுத்துல நேர்த்தியும் தெளிவும் பத்தலை"ன்னு சொல்லிட்டார்.

அப்போ 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைத் தொகுதி ஒண்ணு கையில கிடைச்சது. லண்டன்ல அடிசனும் ஸ்டீலும் நடத்திய இதழ் அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எடுப்பார். சில நாள் கழிச்சு, புத்தகத்தைப் பார்க்காம, குறிப்பை மட்டும் வச்சு திரும்ப எழுதுவார். அப்புறம் மூலத்தோட ஒப்பிட்டுத் திருத்துவார். நம்ம கோட் ரிவ்யூ மாதிரிதான்! சொல்வளம் கூடணும்னு கட்டுரையைச் செய்யுளாக்கி, மறந்தப்புறம் மறுபடி உரைநடையாக்கினார். குறிப்புகளைக் கலைச்சுப் போட்டு, சில வாரம் கழிச்சு அடுக்கியும் பார்த்தார்.

சில சின்ன இடங்கள்ல தன் வரியே மேல்னு அவருக்குத் தோணியிருக்கு. நம்பிக்கை அங்கதான் பிறந்தது.

1722ல, 16 வயசுல, 'சைலன்ஸ் டூகுட்'ங்கிற விதவை பேர்ல எழுதி, ராத்திரியில அச்சகக் கதவுக்கு அடியில தள்ளிவிட்டார். யார் எழுதினதுன்னே தெரியாம அண்ணன் தன் பத்திரிகையில போட்டார். மொத்தம் 14 கடிதங்கள்!

உங்களை ஏங்கவைக்கிற ஒரு பக்கத்தை எடுங்க. குறிப்பெடுத்து மூடிவைங்க. அடுத்த வாரம் எழுதிப் பாருங்க.