சிறு விமான நிலையத்தில் எரிபொருள் டேங்க்: அமெரிக்காவில் உள்ளூர் நிலப்பயன்பாட்டு அனுமதி

அமெரிக்காவில் ஒரு சிறு விமான நிலையம் தன் வளாகத்தில் எரிபொருள் டேங்க் அமைக்க விரும்பினால், அந்த நிலம் எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அதனிடம் நிலப்பயன்பாட்டு மண்டல விதிகளின்படி அனுமதி பெற வேண்டியிருக்கும். நகராட்சி, கவுண்டி, டவுன்ஷிப் என்று உள்ளாட்சியின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விமானம் பறப்பதை ஆள்வது கூட்டரசு. டேங்க் நிற்கும் மண்ணை ஆள்வது உள்ளூர். இந்த இரட்டை ஆட்சியின் நடுவில்தான் இந்த அனுமதி வருகிறது, சச்சரவுகளும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

அந்நாட்டில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. அவற்றில் பெரும்பாலானவற்றில் பயணிகள் விமான சேவை கிடையாது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள், நோயாளியை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர், சொந்த விமானம் வைத்திருக்கும் சிலர்: இவர்களே அங்கு வாடிக்கையாளர்கள். எரிபொருள் கிடைக்காவிட்டால் இவர்கள் பக்கத்து நிலையத்துக்குப் போய்விடுவார்கள். விற்கும் ஒவ்வொரு கேலனுக்கும் கிடைக்கும் கட்டணம் பல சிறு நிலையங்களின் வரவில் முக்கியமான பங்கு.

டேங்கில் இருப்பது என்ன

இரண்டு எரிபொருள்கள். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான ஏவ்காஸ் ஒன்று; டர்பைன் எஞ்சின்களுக்கான ஜெட் ஏ மற்றொன்று. பரவலாக விற்கப்படும் 100எல்எல் என்ற ஏவ்காஸ் நீல நிறச் சாயம் ஏற்றப்பட்டது. பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாகித் தீப்பற்றும். ஜெட் ஏ மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டினால்தான் அதன் ஆவி தீப்பற்றும். தீயணைப்பு விதிகள் இவ்விரண்டையும் வெவ்வேறு வகுப்புகளில் வைக்கின்றன. கருத்துக்கேட்புக் கூட்டங்களிலோ இரண்டும் ஒரே ஆபத்தாகவே பேசப்படுகின்றன. விண்ணப்பதாரர் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

டேங்க்கள் பெரும்பாலும் 10,000 அல்லது 12,000 கேலன் கொள்ளளவு கொண்டவை. அதாவது சுமார் 38,000 முதல் 45,000 லிட்டர். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. எரிபொருள் கொண்டுவரும் டேங்கர் லாரி ஏறத்தாழ 8,000 கேலன் சுமக்கும். டேங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஒரு முழு லோடை இறக்கிக்கொள்ள இடம் இருந்தால்தான் விலை கட்டுப்படியாகும். சிறிய டேங்க் வைத்தால் லாரி அடிக்கடி வரும். எரிபொருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் சிந்துவதற்கு ஒரு வாய்ப்பு. ஆகவே டேங்கின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டால் ஆபத்தும் பாதியாகும் என்று நினைக்கும் திட்டக் குழு தவறாகக் கணக்கிடுகிறது.

முன்பு இவை மண்ணுக்கடியில் இருந்தன. நிலத்தடி டேங்க்களுக்கான கூட்டரசு விதிகள் 1988-இல் வந்தன. பழைய டேங்க்களைச் சீரமைக்கவோ மூடவோ 1998 டிசம்பர் வரை கெடு. துருப்பிடித்துக் கசியும் இரும்பு டேங்க்களைத் தோண்டி எடுத்த பல நிலையங்கள் அவற்றுக்குப் பதிலாகத் தரைமேல் டேங்க் வைத்தன. கசிவு கண்ணுக்குத் தெரியும் என்பதால் நிலத்தடி நீருக்கு இது நல்ல மாற்றம். ஆனால் அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த ஒன்று வேலிக்கு அப்பாலிருந்தே தெரியும் வெள்ளை உருளையாக எழுந்து நின்றது. அண்டை வீட்டார் கேள்வி கேட்கத் தொடங்கினர்.

உள்ளாட்சியின் அதிகாரம்

நகரம் முழுமைக்குமான மண்டல விதிகளை 1916-இல் நியூயார்க் கொண்டுவந்தது. 1920-களில் அமெரிக்க வணிகத் துறை ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட, மாநிலங்கள் அதைத் தழுவித் தங்கள் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் அளித்தன. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமத்துக்கும் ஆம்ப்ளர் ரியல்டி நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், நிலத்தை வீடு, கடை, தொழிற்சாலை என்று பிரித்து ஒழுங்குபடுத்துவது செல்லும் என 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விண்ணப்பம் வந்ததும் மண்டல அலுவலர் தீர்மானிக்க வேண்டியது, டேங்க் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்பது. பல ஊர்களின் விதித்தொகுப்பில் பெட்ரோலியப் பொருள்களை மொத்தமாகச் சேமிப்பது கனரகத் தொழில் மண்டலத்துக்கு மட்டும் உரியது. துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அது. விமான நிலையத்தின் ஒற்றை டேங்கை அலுவலர் அதில் சேர்த்துவிட்டால் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிடும். மாறாக, எரிபொருள் நிரப்புவது விமான நிலையம் என்ற முதன்மைப் பயன்பாட்டைச் சார்ந்த துணைப் பயன்பாடு என்று கொண்டால் வழி திறக்கும். பின்னதே பொருத்தமான வாசிப்பு. எரிபொருள் இல்லாத விமான நிலையம் வெறும் ஓடுபாதைதான்.

வழி திறந்தாலும் பெரும்பாலும் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வேண்டும். சில மாநிலங்களில் இதற்கு நிபந்தனை அனுமதி என்று பெயர். கூடவே மனை வரைபடப் பரிசீலனையும் நடக்கும். எல்லைக் கோட்டிலிருந்து விட வேண்டிய தூரம் கிடைக்காவிட்டால் விதிவிலக்குக்குத் தனி விண்ணப்பம். தங்கள் ஊரில் மண்டல விதிகள் வருவதற்கு முன்பே, 1930-களிலும் 1940-களிலும் தோன்றிய நிலையங்களுக்கு இன்னொரு சிக்கல். வீட்டு மண்டலத்திலோ வேளாண் மண்டலத்திலோ அவை விதிக்குப் பொருந்தாத பழைய பயன்பாடாகத் தொடர அனுமதிக்கப்பட்டிருக்கலாம். தொடரலாம், விரிவாக்கக் கூடாது. அப்படியானால் புதிய டேங்க் விரிவாக்கமா? பழைய டேங்க் இருந்த இடத்தில் அதே கொள்ளளவில் வைத்தால் விரிவாக்கமில்லை என்று வாதிடலாம். இதுவரை ஏவ்காஸ் மட்டும் விற்ற நிலையம் ஜெட் ஏ டேங்கைச் சேர்த்தால், பெரிய விமானங்களை அழைக்கும் ஏற்பாடு என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

பொதுக் கருத்துக்கேட்பு அநேகமாக எல்லா இடங்களிலும் கட்டாயம். அண்டை நில உரிமையாளர்களுக்குக் கடிதம் போகும், செய்தித்தாளில் அறிவிப்பு வரும். கூட்டத்தில் இரைச்சல், இரவுப் பறப்பு, வீட்டு விலை என எல்லாம் கொட்டும். அந்த மனக்குறைகள் உண்மையானவை. ஆனால் அனுமதியை முடிவு செய்யும் உள்ளூர் வாரியத்தின் முன் உள்ள கேள்வி டேங்க்தான். சிறப்பு அனுமதிக்கு உரிய பயன்பாடு என்று விதியில் எழுதியதன் மூலம் அது அந்த மண்டலத்துக்கு இசைவானது என்று விதியை இயற்றிய மன்றமே ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-இல் நார்த் ஷோர் ஸ்டேக் ஹவுஸ் வழக்கில் கூறியது. எதிர்ப்புக் குரல்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மறுத்த முடிவுகள் நீதிமன்றத்தில் நிற்பது கடினம், ஆதாரம் வேண்டும்.

நிலத்தடி நீர்

உள்ளூர் வாரியம் உண்மையான பயன் செய்யக்கூடிய இடம் இதுதான். சிறு நிலையங்கள் தட்டையான, நீரை எளிதில் உறிஞ்சும் மணற்பாங்கான நிலத்தில் அமைவது வழக்கம். ஊரின் குடிநீர்க் கிணறும் அதே நிலத்தடி நீரை நம்பியிருக்கக்கூடும். அதனால் பல ஊர்கள் கிணற்றைச் சுற்றிய பகுதியை மேலடுக்குப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்து, அங்கே எரிபொருள் சேமிப்பைத் தடுக்கின்றன அல்லது கடுமையான நிபந்தனை விதிக்கின்றன. கிணறு எங்கே, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண்ணின் தன்மை என்ன என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

கூட்டரசின் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு விதிகள் 1973-இல் வெளியானவை. தரைமேல் மொத்தம் 1,320 கேலனுக்கு மேல் சேமிக்கும் இடத்தில் எண்ணெய் நீர்நிலையைச் சென்றடையும் வாய்ப்பு இருந்தால் அவை பொருந்தும். எழுத்துப்பூர்வமான கசிவுத் தடுப்புத் திட்டம் வேண்டும். மொத்தச் சேமிப்பு 10,000 கேலனைத் தாண்டினால் அதற்குப் பதிவுபெற்ற பொறியாளர் சான்றளிக்க வேண்டும். மிகப் பெரிய டேங்க் முழுவதும் கொட்டினாலும் தாங்கி, மேலே மழைநீருக்கும் இடம் விட்டுத் தடுப்பு அமைய வேண்டும். அது டேங்கைச் சுற்றிய கான்கிரீட் சுவராக இருக்கலாம். டேங்கே இரட்டைச் சுவர் கொண்டதாகவும் இருக்கலாம்.

திறந்த தடுப்புச் சுவருக்குள் மழைநீர் தேங்கும். அதை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு இருக்கும்; அதை எப்போதும் மூடியே வைத்திருக்க வேண்டும். மழை நின்றதும் பொறுப்பாளர் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மின்னுகிறதா என்று குனிந்து பார்த்து, இல்லையென்று உறுதியான பிறகே திறந்து, வடிந்ததும் மீண்டும் மூடிப் பதிவேட்டில் எழுத வேண்டும். யாரோ ஒருவர் திறந்துவிட்டு மறந்துபோனால், எவ்வளவு செலவு செய்து கட்டிய சுவரும் ஓட்டைப் பாத்திரம்தான். ஆளில்லாமல் கார்டு தேய்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும் நிலையங்களில், அந்த வால்வுக்கு யார் பொறுப்பு என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுதும் வாரியம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

மற்ற அதிகாரங்கள்

தீயணைப்பு அலுவலரின் ஒப்புதல் தனி. பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பில், எந்தப் பகுதிகளில் தரைமேல் டேங்க் கூடாது என்பதை உள்ளாட்சியே தன் சட்டத்தில் குறிப்பிட இடம் விடப்பட்டிருக்கிறது. மண்டல அலுவலர் சரியென்றாலும் இந்த வரி தடுத்துவிடலாம்; விண்ணப்பதாரர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் முறைக்கு என்எஃப்பிஏ 407 என்ற தரம் உண்டு: நிலைமின் பொறியைத் தவிர்க்க விமானத்தையும் நிரப்பியையும் கம்பியால் இணைப்பது, அவசர நிறுத்தப் பொத்தான், தீயணைப்பான் போன்றவை அதில் அடங்கும்.

கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் உள்ளூர் மண்டல அனுமதியைத் தருவதுமில்லை, ரத்து செய்வதுமில்லை. ஆனால் ஓடுபாதையின் முனைக்கு அப்பாலுள்ள பாதுகாப்புப் பகுதியில் டேங்க் இருக்கக் கூடாது என்பது அதன் வடிவமைப்பு நெறி. கட்டுமானம் பற்றிக் குறைந்தது 45 நாள் முன்னதாக அதற்கு அறிவிக்க வேண்டியிருக்கலாம். கூட்டரசு மானியம் பெற்ற நிலையமானால், டேங்க் அதன் அங்கீகரிக்கப்பட்ட விமான நிலைய அமைப்பு வரைபடத்தோடு பொருந்த வேண்டும். விமான உரிமையாளர் தன் விமானத்துக்குத் தானே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும் உரிமையை நியாயமின்றித் தடுக்கவும் முடியாது.

உள்ளூர் அதிகாரத்தின் எல்லை எங்கே முடிகிறது? பர்பேங்க் நகரம் ஜெட் விமானங்களுக்கு விதித்த இரவுத் தடையை உச்ச நீதிமன்றம் 1973-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. மிச்சிகனின் லேக் ஏஞ்சலஸ் நகரம் தன் ஏரியில் கடல்விமானம் இறங்கக் கூடாது என்றது செல்லும் என ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996-இல் கூறியது. பறப்பதைத் தடுப்பது வேறு, தரையில் எங்கே என்று தீர்மானிப்பது வேறு. டேங்க் இரண்டாவதில் சேர்கிறது. அதே நேரத்தில், டேங்கைக் காரணம் காட்டிப் பறப்பு நேரத்தையோ விமான எண்ணிக்கையையோ கட்டுப்படுத்தும் நிபந்தனை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

நிலையம் அரசுக்குச் சொந்தமானால் கேள்வி மாறும். ராச்செஸ்டர் நகர எல்லைக்குள் இருந்த தன் விமான நிலையத்தை மன்ரோ கவுண்டி விரிவாக்கியபோது நகரத்தின் மனை வரைபட ஒப்புதல் தேவையா என்ற வழக்கில், பொது நலன்களை எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இல் வகுத்தது. கவுண்டிக்கு விலக்கு கிடைத்தது. தனியார் நிலையங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஈயமற்ற எரிபொருள்

இப்போது அவசரமான விஷயம் இதுதான். 100எல்எல்-இல் ஈயம் இருக்கிறது. அதை எரிக்கும் பிஸ்டன் விமானங்கள்தான் அமெரிக்கக் காற்றில் கலக்கும் ஈயத்துக்கு மிகப் பெரிய மூலம். இந்த மாசு பொது உடல்நலத்துக்குக் கேடு என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முறைப்படி முடிவு செய்தது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டி 2022 ஜனவரி முதலே தன் இரு நிலையங்களில் 100எல்எல் விற்பனையை நிறுத்தியது. ஆனால் மாற்று எரிபொருள் ஏறக்குறைய எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தும் வரை பழையது கிடைக்க வேண்டும் என்று 2024-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. 2022-இல் அதை விற்ற மானியம் பெற்ற நிலையங்கள், உரிய மாற்று தங்களிடம் கிடைக்காவிட்டால், 2030 முடியும் வரை அதைத் தர வேண்டும்.

இடைப்பட்ட இந்தக் காலத்தில் ஈயமுள்ளது, ஈயமற்றது இரண்டையும் விற்க விரும்பும் நிலையத்துக்கு இரண்டு ஏவ்காஸ் டேங்க் வேண்டும். ஆகவே ஈயத்தை எதிர்த்து அண்டை வீட்டார் எழுப்பும் கோரிக்கையை நிறைவேற்றவே இன்னொரு டேங்குக்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அதே அண்டை வீட்டார் அந்த டேங்கையும் எதிர்த்தால் ஈயம் கலந்த எரிபொருளே மேலும் சில ஆண்டுகள் நீடிக்கும். ஈயமற்ற எரிபொருளுக்கான கூடுதல் டேங்கை, குறிப்பிட்ட கொள்ளளவுக்குள் இரட்டைச் சுவரோடு இருந்தால், கருத்துக்கேட்பின்றி அலுவலர் மட்டத்திலேயே அனுமதிக்கும்படி உள்ளாட்சிகள் தங்கள் விதியைத் திருத்தலாம். பழைய டேங்க் காலியாகும் நாளில் அதை அகற்றவும், அடியிலுள்ள மண்ணைச் சோதிக்கவும் வேண்டும் என்ற நிபந்தனையை அந்த அனுமதியிலேயே சேர்த்துவிட முடியும்.